மாப்பிள்ளையின் வலது தோள்

நான் காலை முன்னால் நீட்டிக்கொண்டு பிறந்தவன். எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவனுக்கு ஊர் ஒரு வேலை வைத்திருக்கும். யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால், கழுத்து திரும்பவில்லை என்றால், அவர் குப்புறப் படுத்துக்கொள்வார். கால் முந்திப் பிறந்தவன் வலது பாதத்தால் அந்த இடத்தை மேலிருந்து கீழாக மூன்று தரம் நீவிவிட வேண்டும். சுளுக்கு ஓடிவிடும் என்பார்கள். பெரும்பாலும் ஓடியும் விடும். ஓடாத தடவைகளைத்தான் நான் ஞாபகம் வைத்திருப்பேன். என் சுபாவம் அப்படி.

பள்ளிக்கூடம் நின்றதும் அந்தக் காலால்தான். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வாத்தியாருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பெஞ்சின் மேல் குப்புறப் படுத்து, "வாடா, வந்து மிதி" என்றார். வாத்தியார் மேல் கால் வைத்தால் படிப்பு போய்விடுமே என்று நடுக்கம். வைக்காவிட்டால் பிரம்பு. வைத்தேன். மறுநாள் பள்ளிக்கூடக் கதவு பூட்டியிருந்தது. ஆள் போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். அவரோ கழுத்து சரியாகி, சாமான் வாங்கச் சந்தைக்கு இறங்கியிருந்தார். அது எனக்குத் தெரிய மூன்று நாளாயிற்று. அதற்குள் மாடு மேய்ப்பது பழகிப்போனது. திரும்பிப் போகவில்லை. பிற்பாடு எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியதுதான் இப்போது எழுதுவது.

காலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் தங்கச்சியின் கல்யாணம் நின்றுபோக இருந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

கொல்லிமலைக்கு அப்போது பஸ் ரோடு வரவில்லை. கீழே பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போவதென்றால் ஒற்றையடிப் பாதையில் அரை நாள் இறங்க வேண்டும். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; நாங்கள் திருப்புலி நாட்டுக்காரர்கள். தங்கச்சியைப் பெரக்கரை நாட்டில் பேசி, பரிசமும் போட்டாயிற்று. மாசிக் கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளை என்னைவிட இரண்டு வயது சிறியவர். இருந்தாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே, நான் வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அவரும் என்னை அப்படித்தான். அந்த நாட்டில் மிளகு ஏணி ஏற அவரைப் போல் ஆள் இல்லை என்பார்கள். அந்த ஏணி ஒற்றை மூங்கில்தான். கணுவில் விட்டிருக்கும் முளையில் கால் வைத்து ஏற வேண்டும். உச்சிக்குப் போய், இடது கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு, வலது கையைத் தலைக்கு மேல் நீட்டிக் கொடியிலிருந்து மிளகைப் பறிப்பார். அந்த வலது கைதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. எங்கள் அப்பா பெண் கொடுக்கச் சம்மதித்ததும் அந்தக் கையைப் பார்த்துத்தான்.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் காலையில் எங்கள் ஊரில் சடுகுடு. சாமை அறுத்த காட்டில் கல் பொறுக்கி, சாம்பலால் நடுக்கோடு போட்டு, திருப்புலி நாடு ஒரு பக்கம், பெரக்கரை நாடு ஒரு பக்கம். எங்களுக்கு ஒரு ஆள் குறைந்தது. என்னை இழுத்து விட்டார்கள். நான் பாடிக்கொண்டு போகிறவன் அல்ல. பயத்திலேயே எனக்கு மூச்சு முடிந்துவிடும். ஓரத்தில் நின்று, வருகிறவனைப் பிடிக்க நாலு பேர் விழுந்தால் ஐந்தாவதாக விழுகிறவன்.

மாப்பிள்ளை பாடி வந்தார். எனக்கு ஒரே குழப்பம். பரிசம் போட்ட மாப்பிள்ளையைக் கீழே தள்ளலாமா? தள்ளினால் அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நான் யோசித்து முடிப்பதற்குள் என் முழங்காலைத் தொட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

"பாருங்கடா, மாப்பிள்ளையை மச்சான் தடவிக் குடுத்து அனுப்பறான்!" என்று கத்தினான் எங்கள் பக்கத்துக் குண்டன் ஒருவன்.

"தங்கச்சிக்குச் சீரு இங்கிருந்தே ஆரம்பிச்சுட்டான்டா!"

காட்டைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பாவும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. அடுத்த ஆட்டத்தில் மாப்பிள்ளை மறுபடி வந்தபோது நான் எதையும் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் யோசிக்காமல் நான் செய்த காரியங்கள் குறைவு. அதில் இது ஒன்று. பின்னாலிருந்து பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். குண்டன் அவர் கணுக்காலைப் பிடித்தான். மாப்பிள்ளை முகம் குப்புற விழுந்து, கோட்டைத் தொட வலது கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். பாட்டு நிற்கவில்லை. விரலுக்கும் கோட்டுக்கும் ஒரு சாண் இருந்தது. நான் இடுப்பை விட்டு அவர் முதுகின் மேல் ஏறி விழுந்தேன். கை தரையோடு அப்படியே நின்றது. உடம்பு மட்டும் என் எடையில் புரண்டது. என் நெஞ்சுக்கு அடியில் ஏதோ இடம் பெயர்ந்தது. பலாச்சுளையைச் சடையிலிருந்து பிய்க்கும்போது ஒரு இளக்கம் கைக்குத் தெரியுமே, அது போல.

பாட்டு நின்றது. அதற்குப் பிறகும் நான் பிடியை விடவில்லை. ஒரு நொடியா, இரண்டு நொடியா, எனக்குத் தெரியாது. விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

எழுந்து உட்கார்ந்தவர் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது. வலது தோளில் இருக்க வேண்டிய உருண்டையைக் காணோம். அந்த இடம் சுவர் முக்கு மாதிரி சதுரமாக இருந்தது. முன்பக்கம், காறை எலும்புக்குக் கீழே, புதிதாக ஒரு மேடு.

"சுளுக்குத்தான்" என்றார் ஒருவர்.

"சுளுக்கேதான்" என்றார்கள் எல்லோரும்.

"அட, காலாப் பொறந்தவன் பக்கத்துலயே நிக்கறான், அப்பறம் என்ன வெசனம்?" என்றார் எங்கள் அப்பா.

எனக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை மேல் கால் வைப்பதா? அதே சந்தேகம் பெரக்கரைக்காரர்களுக்கும் வந்தது. மச்சான் கால் மாப்பிள்ளை மேல் படலாமா, படக்கூடாதா என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து. வலியில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க, இவர்கள் முறை பேசினார்கள். கடைசியில், முதலில் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்புறம் மிதிக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. நான் அவர் காலில் விழுந்து எழுந்தேன். அவரைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். பாதத்தைத் தோளில் வைத்து ஒரு தரம் நீவினேன். முனகினார். இரண்டாம் தரம் நீவினேன். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் காட்டு மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

நான் காலை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன். "மூணாவதை உட்டுட்டுப் போறானே, மூணாவதை உட்டா ஆகாதுடா!" என்று அப்பா பின்னாலேயே கத்தினார்.

திரும்பி வந்தபோது யாரும் சுளுக்கு என்று சொல்லவில்லை. மூட்டுப் பிசகிவிட்டது, கீழே கொண்டுபோக வேண்டும் என்றார்கள். இப்போதே இறங்கினால் பொழுது சாய்வதற்குள் பேளுக்குறிச்சி போய்விடலாம். அங்கே பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்து வந்த ஒருவர் கைகால் பார்ப்பார். கூடப் போவது யார் என்ற கேள்வி வந்தது.

"நீதானே எடுத்து உட்டே, நீயே கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா என்னிடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "கை வந்துருச்சுன்னா அப்படியே அவிய ஊட்டுல கொண்டுபோய் உடு. வரலீன்னா..." என்று நிறுத்தினார். "ஏணி ஏறாதவனுக்கு நாம பொண்ணுக் குடுக்கலை" என்று முடித்தார்.

மாப்பிள்ளை தன் ஊர்க்காரர்களிடம், "எங்கப்பன்கிட்ட ஒண்ணும் சொல்லீராதீங்கடா" என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் தங்கச்சி நின்றிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை முன் வரக்கூடாது என்பதால் ஆட்டத்துக்கும் அவள் வரவில்லை. கத்திய சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

"அண்ணா, அந்தக் கையி வரலீன்னா என்னைய வேற எடத்துல குடுத்துருவாங்களா?"

"அதெல்லாம் வந்துரும் கண்ணு."

"நீ சொல்றதைப் பாத்தா வராதாட்டம் இருக்குதே."

என் முகம் எப்போதும் என்னைக் காட்டிக் கொடுத்துவிடும். அவள் உள்ளே போய் ஒரு நூல் பை நிறைய மலைவாழைப் பழம் கொண்டுவந்து கொடுத்தாள். நாலு சீப்பு இருக்கும். எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு மலையிறங்க மாட்டார்கள். சந்தைக்குப் போகிறவர், சாவுக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர், யாராக இருந்தாலும் மலையில் விளைந்த ஏதோ ஒன்றைச் சுமந்துகொண்டுதான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் போகிற காரியம் ஆகாது. கை பிசகியவருக்கும் விலக்கு கிடையாது. பையை என் தோளில் போட்டுக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் இறங்கினேன்.

முன்னால் நடக்கட்டும், விழுந்தால் பிடிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, நானே வழுக்கி அவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. நான் முன்னால் போனேன். அவர் விழுந்தால் எனக்குத் தெரியாதே என்று மறுபடி பின்னால் வந்தேன்.

"மச்சான், ஒரு பக்கமா நில்லுங்க. உங்களைப் பாத்துப் பாத்து எனக்குக் கிறுகிறுங்குது" என்றார் அவர்.

ஒவ்வொரு படி இறங்கும்போதும் தோள் குலுங்கியது. குலுங்கும்போதெல்லாம் நின்று கண்ணை மூடிக்கொள்வார். பாதி வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்டுவைத்த இரண்டு கல்லின் மேல் ஒரு பலகைக்கல். தலைச்சுமைக்காரர்கள் குனியாமலே மூட்டையை இறக்கி வைக்கிற உயரம். அங்கே வந்ததும் அவருக்கு வாந்தி வருவது போல் இருந்தது.

"சித்தெ படுக்கறனுங்க."

"தரையில படுங்க மாப்பிள்ளை."

"தரையில படுத்தா மறுபடி எந்திரிக்க மாட்டன். இந்தக் கல்லு மேல படுத்துக்கறன்."

மேட்டுப் பக்கமாக ஏறி, பலகைக்கல்லில் மெதுவாகச் சாய்ந்தார். மல்லாந்து பார்த்தார், முடியவில்லை. குப்புறப் படுத்து, இடது கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார். வலது கை கல்லின் விளிம்பைத் தாண்டி நேர்கீழாகத் தொங்கியது.

"தொங்க உட்டா கொஞ்சம் பரவாயில்லீங்க மச்சான்" என்றார். காலையிலிருந்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவருக்குத் தண்ணீர் வேண்டும். ஊற்று பாதையைவிட்டுக் கீழே கொஞ்ச தூரம் இறங்கிப் போக வேண்டும். நான் நகரப் பார்த்தபோது, பக்கத்து மரத்தில் குரங்குகள் நாலைந்து வந்து உட்கார்ந்திருந்தன. சுமைதாங்கியில் சுமை இறங்கும் என்பது அவற்றுக்குத் தெரியும். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பையைத் தரையில் வைத்தால் போச்சு. தூக்கிக்கொண்டு போனால், குரங்குகள் என் பின்னாலேயே வரும், அந்தச் சரிவில் நான் விழுவேன். பழம் போனால் வெறுங்கையோடு இறங்கியதாகிவிடும். அப்புறம் கை எங்கே வரும்?

"என்ற கையில மாட்டிட்டுப் போங்க" என்றார் மாப்பிள்ளை, கண்ணைத் திறக்காமல்.

"எந்தக் கையில?"

"தொங்கற கைதான் சும்மா இருக்குது."

"நோவற கையில நாலு சீப்பையா? பாவமுங்க!"

"பையை மேல மேல தூக்கிட்டு நீங்க நிக்கறதைப் பாக்கறதுதான் பாவமா இருக்குது. மாட்டுங்க."

பை வாயின் கயிற்றை அவர் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். சுற்றும்போது பழங்கள் ஆடின. ஒரு முனகல் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த சுரைக்குடுக்கையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

தை மாதத்து ஊற்று சொட்டுச் சொட்டாகத்தான் விழும். குடுக்கை நிறைய ரொம்ப நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நான் அந்த நிமிஷத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு நின்ற பிறகும் பிடியை விடாமல் அழுத்திய நிமிஷம். அப்போதே எழுந்திருந்தால்? குண்டன் கேலி செய்தான் என்று ஒரு மனுஷனின் கையை எடுத்துவிட்டேனே. தங்கச்சியை வேறு இடத்தில் கொடுப்பார்கள். அவள் போவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். பொங்கலுக்குப் பொங்கல் வரும்போது என் முகத்தைப் பார்ப்பாள். இப்படியே நாற்பது பொங்கல் வரை யோசித்துவிட்டேன்.

"மச்சான்! மச்சோவ்!"

குரல் மேலேயிருந்து வந்தது. கல்லிலிருந்து உருண்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். குடுக்கையைப் போட்டுவிட்டு நாலு காலால் ஏறினேன்.

அவர் கல் மேல் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் இருந்தது. பை கயிறு இன்னும் மணிக்கட்டில்.

"உள்ள போயிருச்சுங்க!"

"எது?"

"கையி மச்சான், கையி! அசந்து போய்ப் படுத்திருந்தனா, தோளுக்குள்ள ஏதோ வழுக்குன மாதிரி இருந்துச்சு. டொக்குன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். பாதி நோவு போயிருச்சு."

தோளைப் பார்த்தேன். உருண்டை திரும்ப வந்திருந்தது. மறு தோளையும் பார்த்தேன், இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. தொட்டுப் பார்க்கப் பயமாக இருந்ததால் தொடவில்லை. பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் சிரித்தார். குரங்குகளுக்கு ஒரு சீப்பைப் பிய்த்து வீசினேன். காலையிலிருந்து எனக்கு நல்லது செய்தது அவைதான் என்று தோன்றியது.

அந்தச் சந்தோஷத்திலேயே சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை, ஒண்ணு சொல்லோணும். பாட்டு நின்னப்பறமும் நான் உடலீங்க. அழுத்திட்டே இருந்தேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "பாட்டு எங்கீங்க நின்னுச்சு?"

"நின்னுச்சுங்களே. நான் கேட்டனே."

"அது நின்னது இல்லீங்க, நான் நிறுத்துனது. கோட்டைத் தொட்டப்பறம் எதுக்குப் பாடறது? கையி நழுவுன வேகத்துல ஒரு சாண் நீண்டுருச்சு. இந்த விரல்ல பாருங்க, சாம்பலு. என்னையப் புடிச்ச ரெண்டு பேருமே அவுட்டு."

விரலைப் பார்த்தேன். நகத்தில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சாம்பலா, சுமைதாங்கிக் கல்லின் தூளா, இன்று வரை எனக்குத் தெரியாது. அந்த ஆட்டம் யாருக்கு என்று பிற்பாடு முப்பது வருஷம் சண்டை போட்டோம்.

கை வந்துவிட்டதே, திரும்பிவிடலாமா என்று கேட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. சரியாகத்தான் போயிருக்கிறதா, தலைகீழாகப் போயிருந்தால் என்ன செய்வது? இறங்கியே தீர வேண்டும் என்றேன். என் வேட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து அவர் கையைக் கழுத்தோடு தூளி கட்டினேன். பேளுக்குறிச்சி போய்ச் சேர்ந்தபோது இன்னும் வெயில் இருந்தது.

சந்தைப்பேட்டைக்கு எதிரே ஒரு அறையில் கம்பவுண்டர் இருந்தார். நரைத்த மீசை, காக்கி டிரவுசர். தோளைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். விரல்களை விரிக்கச் சொன்னார். தோளின் வெளிப்பக்கத்தில் பஞ்சால் தடவி, "தெரியுதா?" என்றார். தெரிகிறது என்றார் மாப்பிள்ளை.

"நல்லாப் போட்டிருக்குது. யாருப்பா போட்டு உட்டது?"

"வாழைப்பழமுங்க" என்றார் மாப்பிள்ளை.

நடந்ததைச் சொன்னோம். கம்பவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். "நாங்க பட்டாளத்துல மேசை மேல குப்புறப் போட்டு, கையைத் தொங்க உட்டு, மணல் மூட்டை கட்டுவோம். நீங்க பழத்தைக் கட்டியிருக்கறீங்க. எடைதான் வேணும், மூட்டுக்கு மணலும் ஒண்ணுதான் பழமும் ஒண்ணுதான்."

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. "எப்படீங்க இது கழண்டுச்சு? நான் மேல உழுந்ததுனாலதானுங்களே?"

அவர் மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, மருந்து எடைபோடுகிற சின்னத் தட்டின் மேல் வைத்தார். "தோள் மூட்டு கிண்ணத்துல இருக்கற உருண்டை இல்லே. இந்தாட்டம் தட்டுல இருக்கற உருண்டை. அதனாலதான் கை எல்லாப் பக்கமும் சுத்துது. தலைக்கு மேல தூக்கி, வெளியாப்ல திரும்பி இருக்கறப்ப அது தட்டோட ஓரத்துல நிக்கும். அப்பப் பின்னால இருந்து யாரு உழுந்தாலும்," தட்டை விரலால் தட்டினார், பழம் உருண்டது, "முன்னால போயிரும். நீ உழுந்தே. வேற எவன் உழுந்திருந்தாலும் இதேதான்."

பிறகு அவருக்குப் பட்டாளம் ஞாபகம் வந்துவிட்டது. "வெள்ளைக்காரச் சோல்ஜருங்க ஒரு ஆட்டம் ஆடுவாங்க. பந்து முட்டையாட்டம் இருக்கும். அதை நெஞ்சுல அணைச்சுட்டு ஓடுவான் ஒருத்தன், மத்தவனெல்லாம் அவன் மேல உழுவான். ஆட்டம் முடிஞ்சா எங்கிட்டத்தான் வரிசை. பந்தைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அக்கட்டால வெக்கறவன், கையை நீட்டிட்டு உழுவான் பாரு, அவனுக்கு வர்றது உங்க மாப்பிள்ளைக்கு வந்ததேதான். ஓடறவனை ஒத்தக் கையை அகலமா வீசிப் புடிப்பான் இன்னொருத்தன். ஓடறவன் போயிருவான், இவன் தோளையும் சேத்து இழுத்துட்டுப் போயிருவான். தோள் முனை நேரா மண்ணுல குத்துற மாதிரி உழுந்தவனுக்கு மூட்டுக் கழலாது, இந்தக் காறை எலும்பு மேல தூக்கிக்கும். நீ இடுப்பைப் புடிச்சியா, கையைப் புடிச்சியா?"

"இடுப்பைத்தானுங்க மொதல்ல புடிச்சேன்."

"அங்கியே இருந்திருக்கோணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு வாரம் நெஞ்சோட சேத்துக் கட்டி வெக்கோணும். அப்பறம் மெல்ல மெல்லத் தூக்கிப் பழகோணும். எண்ணெய் போட்டு இழுக்கறது, மிதிக்கறது, நீவறது ஒண்ணும் கூடாது. கழண்ட மூட்டை மிதிச்சா நரம்பு போயிரும், கை வெளங்காமப் போயிரும். யாராச்சும் மிதிச்சாங்களா?"

என் வலது கால் தானாகவே பின்னால் போனது.

"இல்லீங்க" என்றார் மாப்பிள்ளை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். அப்போது நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

கம்பவுண்டர் துணியைச் சுற்றிக்கொண்டே, "ஒருக்கா நழுவுன தோளுக்கு வழி தெரிஞ்சு போகும். வயசு சின்னதா இருந்தா இன்னும் சுலுவா நழுவும். இது மொதத் தடவைதானே?" என்றார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்.

"ரெண்டாவதுங்க."

போன வருஷம் மிளகுக் காலத்தில் ஏணி சரிந்திருக்கிறது. விழாமல் இருக்க மேல் கிளையை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கியிருக்கிறார். தோள் கழன்று, கீழே குதித்த வேகத்தில் தானாகவே உள்ளே போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள்.

அதைக் கேட்டதும் என் மார்பிலிருந்து ஒரு பாறை இறங்கியது. என்னால் மட்டும் இல்லை. என் எடை மட்டும் இல்லை. அந்த நிம்மதியில் கம்பவுண்டருக்கு இரண்டு சீப்புப் பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அறையைவிட்டு வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் மற்றது உறைத்தது. மறுபடியும் நழுவுமே. ஏணியின் உச்சியில் நழுவினால்?

"மச்சான், உங்கப்பன்கிட்டச் சொல்லோணும்னா சொல்லிருங்க" என்றார் அவர். "மறைச்சது தப்புத்தான்."

"தங்கச்சிகிட்ட?"

"அதுகிட்ட மொதல்ல சொல்லுங்க. வேண்டாம்னு சொல்லிச்சுன்னா நானே எங்கப்பன்கிட்டப் பேசிக்கறேன்."

மீதியிருந்த ஒரு சீப்பை இரண்டு பேரும் சந்தைப்பேட்டையிலேயே தின்றோம். மறுநாள் அவரை அவர் ஊரில் விட்டுவிட்டு வீடு வந்தேன். அப்பாவிடம், "கை வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. "நீ மிதிச்சதுதான் லேசாக் கொண்டாந்து உட்டிருக்குது, நடந்ததுல உள்ள எறங்கியிருக்கும்" என்றார் அவர். கடைசி வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமை புடைத்துக்கொண்டே கேட்டாள். மிதித்ததை மறைத்துவிட்டார் என்று சொன்னபோது மட்டும் முறத்தை நிறுத்தினாள்.

"ஒனக்காகப் பொய் சொன்னாங்களா?"

"ஆமா கண்ணு."

"ரெண்டாந் தடவைங்கறதைச் சொல்லாம இருந்திருக்கலாமில்ல. அதை மட்டும் எதுக்குச் சொன்னாங்க?"

"தெரியலை."

மறுபடி முறத்தை எடுத்துப் புடைத்தாள். "எனக்கு ஏணி ஏறத் தெரியும்ணா. நம்மூட்டுப் பலாமரத்துல யாரு ஏறுனது, நீயா? நீ கீழ நின்னு உழுந்துருவே உழுந்துருவேன்னு கத்திட்டிருந்தே. தலைக்கு மேல இருக்கறதை நான் பறிச்சுக்கறேன். கைக்கெட்டுனதை அவிய பறிக்கட்டும். அப்பனுக்குச் சொல்லாதே."

நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. அதற்காகவும் பல வருஷம் கவலைப்பட்டிருக்கிறேன்.

மாசிக் கடைசியில் கல்யாணம் நடந்தது. கட்டு அவிழ்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தார்கள். நான் பந்தல் கால் பக்கம் நின்று அந்த வலது தோளை மட்டும் பார்த்தேன். தாலியை வாங்கினார். இரண்டு கையும் மேலே போக வேண்டும், கழுத்தைச் சுற்றிப் பின்னால் போக வேண்டும், முடிச்சுப் போட வேண்டும். கை உயர்ந்து, திரும்பி இருக்கும்போது உருண்டை தட்டின் ஓரத்தில் நிற்கும் என்று கம்பவுண்டர் சொன்னது காதில் கேட்டது. யாராவது பின்னாலிருந்து நெருக்கிவிடுவார்களோ என்று நான் கூட்டத்தைக் கையால் தடுத்துக்கொண்டு நின்றேன்.

அவர் கையை உயர்த்தத் தொடங்கினார். என் தங்கச்சி தலையைக் குனிந்தாள். வெட்கம் என்று நினைத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவள் இன்னும் குனிந்தாள். கழுத்து அவர் நெஞ்சு உயரத்துக்கு வரும்வரை குனிந்தாள். அவர் கை தோளுக்கு மேலே போகவே இல்லை. கட்டி முடித்தார்.

"என்ன மச்சான், உங்க மொகம் இப்படி இருக்குது, கல்யாணமா கருமாதியா?" என்று கேட்டார் என்னிடம், மாலையோடு எழுந்து வந்து.

நான் அவர் தோளின் உருண்டையை மெதுவாக விரலால் தொட்டுப் பார்த்தேன். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அன்றைக்குப் பந்தியில் நான் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.